காற்று எந்தப் பக்கம்?

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு பாய் விரிக்கப்படும். ராமேஸ்வரம் துறையின் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை திரும்புவது வழக்கம். ஆகவே புதன்கிழமை போன என் தம்பி வியாழன் காலையில் மீனை இறக்கிக் கணக்கை முடித்து, பகல் முழுவதும் தூங்கி எழுந்து, குளித்துவிட்டு வந்து அந்தப் பாயில் உட்கார்ந்துவிடுவான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் தடைக்காலத்தில் வாரத்துக்கு நான்கு நாள்கூட ஆடியிருக்கிறோம். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்ட செய்தி வந்தால், தம்பி மகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அத்தை, இன்னைக்கு ஆட்டம் உண்டா?" என்பதுதான்.

இந்த ஆட்டத்தை டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்று உலகம் அழைக்கிறது. எங்கள் வீட்டில் அதன் பெயர் கதையாட்டம். ஒருவர் ஓர் உலகத்தைச் சொல்லிக்கொண்டே போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு மனிதரை ஏற்று அந்த உலகத்துக்குள் நடப்பார்கள். "கதவு பூட்டியிருக்கிறது, உள்ளே யாரோ இருமுகிறார்கள், நீ என்ன செய்கிறாய்?" என்று சொல்பவர் கேட்பார். ஆடுபவர் தாம் செய்வதைச் சொல்வார். அது நடக்குமா நடக்காதா என்று உறுதியாகச் சொல்ல முடியாத இடத்தில் பகடை உருளும். வென்றவர், தோற்றவர் என்று யாரும் இல்லை. ஓர் இரவில் முடியவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எங்கள் இப்போதைய கதை தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. நான் இதை ஆடத் தொடங்கியது 1987-ல், என் பன்னிரண்டாம் வயதில்.

அந்த ஆண்டு, சரக்குக் கப்பலில் வேலை பார்த்த எங்கள் தாய்மாமா சிங்கப்பூரிலிருந்து ஒரு சிவப்புப் பெட்டியைக் கொண்டுவந்தார். 1988 அக்டோபரில் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்படும்வரை எங்கள் தீவுக்குத் தரைவழி என்பது இரயில் ஒன்றுதான். மாமா தங்கச்சிமடத்தில் இறங்கியபோது அந்தப் பெட்டி அவர் சட்டைகளுக்கு நடுவே இருந்தது. மேலட்டையில் சிவப்பு நிறத்தில் ஒரு பெரும் பாம்பின் எதிரே ஒருவன் வாளோடு நின்றான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டத்தின் 1983-ஆம் ஆண்டுத் தொடக்கப் பெட்டி அது என்பதெல்லாம் எனக்குப் பின்னாளில் தெரிந்தவை. உள்ளே இரண்டு புத்தகங்களும் ஆறு பகடைகளும் ஒரு சிறு மெழுகு வண்ணக்குச்சியும் இருந்தன. குச்சி எதற்கென்று யாருக்கும் புரியவில்லை. பகடைகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான், எண்கள் குழிவாக மட்டும் வெட்டப்பட்டு, மை பூசப்படாமல் இருப்பது தெரிந்தது. ஒவ்வொரு முகத்திலும் குச்சியை அழுத்தித் தேய்த்து, குழிக்கு வெளியே படிந்த மெழுகைத் துணியால் துடைத்தெடுக்கவேண்டும். இருபது முகப் பகடையை முடிக்க எனக்கு ஒரு பிற்பகல் முழுவதும் பிடித்தது. ஒன்றிலிருந்து இருபதுவரை எண்கள் ஒவ்வொன்றாக என் விரலுக்கடியில் வெளிப்பட்டு வந்த அந்தப் பிற்பகலை இன்றும் என்னால் நினைவுகூர முடிகிறது.

முதல் புத்தகம், படிப்பவரைத் தனியாக ஒரு குகைக்குள் அழைத்துப் போய் விதிகளைக் கற்றுக்கொடுத்தது. வழியில் ஒரு பெண் துணை கிடைக்கிறாள், காயத்தை ஆற்றுகிறாள், சில பக்கங்களிலேயே ஒரு மந்திரவாதியின் மாய அம்பு அவளைக் கொன்றுவிடுகிறது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் படித்ததால், அவள் இறந்ததைப் புரிந்துகொள்ளவே எனக்குச் சற்று நேரம் எடுத்தது. புரிந்தபின் அந்தப் பக்கத்தைத் தாண்ட இரண்டு நாள் ஆயிற்று. பிறகு தம்பியையும் பக்கத்து வீட்டுப் பையனையும் உட்காரவைத்து நான் கதை சொல்லத் தொடங்கினேன். சொல்பவருக்குப் புத்தகம் டன்ஜன் மாஸ்டர் என்று பெயர் வைத்திருந்தது. எங்கள் தாத்தா இளமையில் இலங்கைக்குச் சரக்குத் தோணியில் போய்வந்தவர். தோணியை நடத்துபவரைத் தண்டல் என்பார். நான் பாயின் தலைமாட்டில் உட்கார்ந்து மற்ற இருவரையும் நடத்துவதைப் பார்த்து, "இவதான் தண்டலா?" என்று அவர் கேட்டதிலிருந்து அந்தப் பெயர் எனக்கு நிலைத்துவிட்டது. தம்பி இன்றும் பாயில் அமர்ந்துவிட்டால் என்னை அக்கா என்று கூப்பிடுவதில்லை.

இந்த ஆட்டத்தின் பிறப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு. பிரஷ்யப் படை அதிகாரிகள் பயிற்சிக்காக வரைபடத்தின்மேல் ஆடிய போர் விளையாட்டு ஒன்று, 1824-ல் விதிகளோடு அச்சானது. அதில் இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு நடுவர் இருந்தார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர், 1969-ல் தாம் நடத்திய போர் விளையாட்டில் படைகளுக்குப் பதிலாக ஊரின் தனித்தனி மனிதர்களை ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதில் ஆடிய டேவ் ஆர்ன்சன் அந்த யோசனையைப் பிளாக்மூர் என்ற கற்பனை நாட்டுக்குக் கொண்டுபோய் வாரக்கணக்கில் தொடரும் கதையாக வளர்த்தார். விஸ்கான்சினில் இருந்த கேரி கைகாக்ஸ் அவரோடு சேர்ந்து விதிகளை எழுத, 1974-ல் மூன்று சிறு புத்தகங்கள் ஒரு பெட்டியில் வைக்கப்பட்டு ஆயிரம் படிகள் வெளிவந்தன. கைகாக்ஸ் தம் பாதாளக் கோட்டையை முதன்முதலில் சொல்லிப் பார்த்தது தம் சொந்த மகனிடமும் மகளிடமும்தான். எனக்குப் பிடித்த செய்தி அதுவே. வீட்டுக்குள், பிள்ளைகளை எதிரே உட்காரவைத்துத் தொடங்கிய ஆட்டம் இது.

1989-ல் இருபது முகப் பகடை தொலைந்தது. கடற்கரை மணலில் ஆடியதற்கு நாங்கள் கொடுத்த விலை அது. இரண்டு நாள் சல்லடை போட்டுச் சலித்தும் கிடைக்கவில்லை. அப்போது அப்பத்தாவின் சுருக்குப்பை உதவிக்கு வந்தது. ஒரே அளவான இருபது சோழிகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றின் முதுகிலும் மையால் எண் எழுதி, பைக்குள் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்போம். எடுத்ததைத் திரும்பப் போட்ட பின்பே அடுத்ததை எடுக்கவேண்டும், இல்லையென்றால் வாய்ப்பு சமமாக இருக்காது என்பதை நான் யாரும் சொல்லித்தராமல் கண்டுபிடித்தேன். பின்னாளில் கணித ஆசிரியையாக ஆனபோது இதையே வகுப்பில் சொல்லித்தந்திருக்கிறேன். சில வாரங்களில் தம்பிக்கு அளவுக்கு மீறி இருபது வந்தது. பார்த்தால், அந்தச் சோழியின் விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு சிதைவு. அவன் விரல் அதைத் தேடிக் கண்டுகொண்டிருந்தது. அவன் மறுக்கவில்லை. தன் ஆள் செத்துவிடுவானோ என்ற பயத்தில்தான் அப்படிச் செய்ததாக ஒத்துக்கொண்டான். அந்தப் பயத்துக்காக அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சோழிகளை மாற்றி மடித்த சீட்டுகளுக்குப் போனோம். 1979-ல் பகடைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, இந்த ஆட்டத்தை வெளியிட்ட அமெரிக்க நிறுவனமும் எண் அச்சிட்ட அட்டைத்துண்டுகளையே பெட்டிக்குள் வைத்து விற்றது என்பதைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோது, எங்கள் சுருக்குப்பையைப் பற்றி எனக்குப் பெருமையாக இருந்தது.

பகடையைச் சூது என்று அம்மா முதலில் தடுத்தார். அப்பத்தா தாயக்கட்டையை எடுத்துக் காட்டி, "அப்ப இது என்ன?" என்று கேட்டதும் அந்தப் பேச்சு அடங்கியது. பித்தளைத் தாயக்கட்டை இரண்டும் இன்றும் எங்கள் ஆட்டப் பெட்டியில் இருக்கின்றன. கட்டையின் நான்கு முகங்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள் இருக்கும், நான்காவது வெறுமையாக இருக்கும். இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். அவற்றில் தாயம், அதாவது ஒன்று, விழுவது இரண்டு விதத்தில். எட்டில் ஒரு வாய்ப்பு. சிவப்புப் பெட்டியின் விதிப்படி ஒருவரின் வலு, அறிவு போன்ற குணங்களை ஆறுமுகப் பகடை மூன்றை உருட்டிக் கூட்டிக் கண்டுபிடிக்கவேண்டும். 216 விதங்களில் பத்து வருவது 27 விதத்தில். அதுவும் சரியாக எட்டில் ஒன்றே. விஸ்கான்சினில் சராசரி மனிதனுக்குக் கிடைக்கும் பத்தும், எங்கள் திண்ணையில் காய் இறங்கத் தேவைப்படும் தாயமும் ஒரே வாய்ப்பில் விழுகின்றன என்பதைக் கணக்குப் போட்டுக் கண்ட நாளில் நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னேன். அதன் அழகு அவர்களுக்கு ஏன் தெரியவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

இவையெல்லாம் ஆட்டத்தின் கருவிகள். ஆட்டம் எங்களுடையதாக மாறியது 1991-ல் ஒரு மாலையில். தம்பி எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு அப்பாவுடன் படகுக்குப் போகத் தொடங்கியிருந்த சமயம் அது. நான் புத்தகத்தில் கண்டபடி ஒரு துறைமுகத்தை விவரித்துக்கொண்டிருந்தேன். கல் மதில், மூன்று பாய்மரக் கப்பல், உணவு விடுதி, விடுதியில் திருடர்கள். கதையில் மாதம் ஆடி என்று வாய்போக்கில் சொல்லியிருந்தேன். கப்பல் தெற்குப் பக்கம் நங்கூரமிட்டு நிற்கிறது என்றதும் தம்பி கையை நீட்டித் தடுத்தான்.

"காத்து எந்தப் பக்கம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. புத்தகத்திலும் அதற்கு விடை இல்லை.

"ஆடி மாசம்ங்கிற. கச்சான் அடிக்கும். தென்கடல் கொதிச்சுக்கிட்டுக் கெடக்கும். எந்தத் தண்டல் அங்க நங்கூரம் போடுவான்? வடகடலுக்குக் கொண்டுபோய்க் கட்டியிருப்பான்."

எங்கள் தீவின் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போல் கிடக்கும். வாடை தொடங்கியதும் இது தலைகீழாக மாறும். படகுகளும் காற்றைப் பார்த்துப் பக்கம் மாறும். இது ஊரில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரிந்தது. எனக்கும் தெரியும். கதை சொல்லும்போது மட்டும் அந்த அறிவை வாசற்படியில் விட்டுவிட்டு, கண்ணால் கண்டிராத பனிமலை நாட்டின் துறைமுகத்தை இரவல் வாங்கிக்கொண்டிருந்தேன். தம்பியால் அந்தத் துறைமுகத்தில் ஒன்றும் செய்ய முடியாமல் போனதற்கும், ஒவ்வொரு முறையும் வாளை உருவுவதைத் தவிர அவனுக்கு வேறெதுவும் தோன்றாததற்கும் காரணம் அதுவே. கப்பலை வடக்கே மாற்றினேன். அடுத்த நொடியே அவன் பேசத் தொடங்கினான். வடக்கே நின்றால் ஆழம் குறைவு. பெரிய கப்பல் கரைக்கு வராது. சரக்கை வத்தை என்னும் சிறு படகில்தான் இறக்கவேண்டும். ஆகவே திருடர்கள் விடுதியில் இருக்கமாட்டார்கள், வத்தைக்காரர்களோடுதான் இருப்பார்கள். கதையை அன்றிரவு அவன்தான் நடத்தினான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தண்டலின் வேலையில் பாதி கேட்பது என்று அன்றைக்குத் தெரிந்தது.

அந்த வாரமே பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் புதிய வரைபடம் ஒன்றைப் போட்டோம். கிழக்கே நீளும் ஒரு மணல்முனை, இரண்டு கடல்கள், தெற்கே 21 தீவுகள். மன்னார் வளைகுடாவில் இருப்பதும் 21. அவற்றில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் இப்போது நீருக்கடியில் இருக்கின்றன. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப்பார்களை வெட்டியெடுத்ததில் அலையைத் தடுக்க ஒன்றும் மிஞ்சாமல் தீவுகள் கரைந்தன. எங்கள் கதையிலும் ஒரு தீவு ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துக்கொண்டே வந்தது. ஆட்டக்காரர்கள் முதலில் அதைப் பேயின் வேலை என்றே நினைத்து, பூசாரியைத் தேடி ஆறு வாரம் அலைந்தார்கள். பிறகு பக்கத்து வீட்டுப் பையனின் சங்குகுளி ஆள் நீரில் மூழ்கிப் பார்த்தபோது, பார் இருந்த இடத்தில் கடப்பாறைத் தடங்களைக் கண்டான். வெட்டியவர்கள் யாரென்று தெரிந்ததும், அவர்களோடு சண்டை போடுவதா, அவர்கள் வீட்டில் அடுப்பெரிய வேறு வழி தேடுவதா என்று மூன்று மாலைகள் வாதம் நடந்தது. அந்த வாதத்தின்போது ஒரு பகடைகூட உருளவில்லை. நான் நடத்திய ஆட்டங்களில் சிறந்தவை அந்த மூன்று மாலைகள் என்று இன்றும் நினைக்கிறேன்.

வரைபடத்தின் கிழக்கு நுனியை மட்டும் வெறுமையாக விட்டேன். 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடியை அழித்து, இரயிலையும் கொண்டுபோனபோது, அப்பத்தாவின் அக்காள் குடும்பமும் அதில் போயிற்று. இடிந்த தேவாலயமும் இரயில் நிலையமும் மணலுக்குள் நிற்கும் அந்த இடத்தைப் பார்க்கும் எந்தக் கதைசொல்லிக்கும், பாதாள அறைகளும் புதையலும் கொண்ட ஒரு கதை தோன்றாமல் இருக்காது. எனக்கும் தோன்றியது. ஆனால் பின்கட்டில் அப்பத்தா வெற்றிலை இடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். அவர் போன பிறகும் நான் அதை வரையவில்லை, வரையப்போவதும் இல்லை.

மொழியைப் பற்றிச் சொல்லவேண்டியதுதான் எனக்கு மிக முக்கியமானது. ஆங்கிலப் புத்தகத்தில் எல்லோரும் எல்லோரையும் ஒரே சொல்லால் விளிப்பார்கள். அரசனுக்கும் திருடனுக்கும் அதே சொல். தமிழில் ஒரு பாத்திரமாக நான் வாயைத் திறந்த மாத்திரத்தில், எதிரே இருப்பவரை நீ என்பதா, நீங்கள் என்பதா, வாடா என்பதா, வாங்க என்பதா என்று முடிவு செய்தாகவேண்டும். சுங்கக்காரன் மாலுமியிடம் "எங்கிருந்து வர்றீக?" என்று கேட்டால் ஒரு கதை; "எங்கருந்துடா வர்ற?" என்று கேட்டால் வேறொரு கதை. ஆட்டக்காரரின் பதிலிலும் இதே தேர்வு இருக்கிறது. ஒருமுறை, தீவொன்றில் இருக்கும் ஒரே நல்ல தண்ணீர்க் கிணற்றை ஒரு கிழவி காத்துக்கொண்டிருந்தாள், யாருக்கும் தரமாட்டாள். புத்தகத்தின் விதிப்படி, ஆட்டக்காரரின் வசீகரத்தை வைத்துப் பகடை உருட்டி அவள் மனம் இளகுமா என்று பார்க்கவேண்டும். தம்பி பகடையைத் தொடவில்லை. "ஆத்தா, ரெண்டு நாளா உப்புத்தண்ணி" என்று மட்டும் சொன்னான். அந்த ஆத்தாவுக்கு மேல் அவளால் மறுக்க முடியாது என்பது பாயில் இருந்த ஐந்து பேருக்கும் தெரியும். நான் குடத்தை எடுத்துக் கொடுத்தேன். கீழக்கரையைச் சேர்ந்த என் சக ஆசிரியை ஒருவர் எங்களோடு ஆடத் தொடங்கியபோது, அவருடைய சரக்குத்தோணி முதலாளியம்மா எதிர்ப்பட்டவர்களையெல்லாம் அண்ணனைக் குறிக்கும் காக்கா என்றும் அக்காவைக் குறிக்கும் லாத்தா என்றும் அழைத்து, கடனுக்குச் சரக்கு வாங்கிக்கொண்டே போனார். ஒரு கரையின் வணிகம் எப்படி நடந்திருக்கும் என்பது எனக்கு அந்த விளிச்சொற்களில் விளங்கியது.

1992 முதல் மூன்று ஆண்டுகள் நான் மதுரையில் படித்தேன். ஆட்டம் இன்லேண்டு கடிதத்தில் தொடர்ந்தது. நான் நிலைமையை எழுதுவேன். தம்பி தன் ஆள் செய்வதை எழுதுவான். ஒரு கதவைத் திறக்க மூன்று வாரம் ஆகும். பகடைக்கு என்ன செய்வது என்பதே சிக்கலாக இருந்தது, ஏனென்றால் சோழி விவகாரத்தை அவனும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. தீர்வை அவனே எழுதி அனுப்பினான். நாளிதழில் வரும் லாட்டரி முடிவில் முதல் பரிசு எண்ணின் கடைசி இலக்கம். மதுரைப் பதிப்பிலும் ராமநாதபுரத்துக்கு வரும் பதிப்பிலும் அது ஒன்றே. யாராலும் மாற்ற முடியாது. பூஜ்ஜியம் முதல் ஒன்பதுவரை பத்து முகப் பகடைக்குச் சமம். எந்தத் தேதியின் முடிவு என்பதைக் கடிதத்தில் முன்கூட்டியே குறித்துவிடுவோம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் என்று அவனைப் பற்றி யாராவது சொன்னால், எனக்கு இந்தக் கடிதம்தான் நினைவுக்கு வரும். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரி தடைசெய்யப்பட்டபோது நாங்கள் பல ஆண்டுகளாகப் பாய்க்குத் திரும்பியிருந்தோம்.

வேலை, திருமணம், மாற்றல்கள் ஆகியவற்றை விரிக்கவேண்டியதில்லை. என் கணவர் ஆடுவதில்லை; வரைபடங்களுக்கு மையிட்டுத் தருபவர் அவர். இணையம் வந்தபின் வேறு ஆட்டங்களையும் கற்றேன். 1977-ல் வந்த டிராவலர் என்ற விண்வெளி ஆட்டத்தில், ஆளை உருவாக்கும் கட்டத்திலேயே அந்த ஆள் இறந்துபோகலாம் என்பது பக்கத்து வீட்டுக்காரனை வாரக்கணக்கில் வியக்கவைத்தது. 2010-ல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டிலிருந்து ஒரு விதியை நிரந்தரமாக எடுத்துக்கொண்டோம். ஆறுமுகப் பகடை இரண்டை உருட்டிக் கூட்டவேண்டும். பத்தோ அதற்கு மேலோ என்றால் நினைத்தது நடக்கும். ஆறோ அதற்குக் கீழோ என்றால் தண்டல் ஒரு கெடுதலைச் சொல்வார். ஏழு முதல் ஒன்பதுவரை வந்தால் நினைத்தது நடக்கும், ஆனால் ஒரு விலையோடு. உருட்டியதோடு கூட்டவேண்டிய சேர்ப்பெண் எதுவும் இல்லையென்றால் அந்த நடுநிலை 36-ல் 15 முறை வரும். தம்பிக்கு இதை விளக்கவேண்டிய தேவையே ஏற்படவில்லை. வலை நிறைந்து வரும், அன்றைக்கே கிழிந்தும் இருக்கும் என்று அவனே உதாரணம் சொன்னான்.

பக்கத்து வீட்டுப் பையன் என்று சொல்லிக்கொண்டிருப்பவனுக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. அவனுடைய சங்குகுளி ஆளின் பெயர் ஆழியான். சில ஆண்டுகளுக்கு முன், எல்லை தாண்டியதாகப் பிடிக்கப்பட்டு, படகில் இருந்தவர்களோடு பக்கத்து வீட்டுக்காரனும் அக்கரையில் நான்கு மாதம் சிறையில் இருந்தான். அந்த நான்கு மாதமும் ஆட்டத்தை நிறுத்தவேண்டும் என்று மதினி சொன்னார். தம்பி கூடாது என்றான். கதை வேறு ஆள்களோடு வேறு தீவுக்குப் போகட்டும். ஆழியானும் அவன் நின்ற தோணியும் நங்கூரம் போட்ட இடத்தில் அப்படியே இருக்கட்டும். அவனை வேறு யாரும் ஆடக்கூடாது, அவனுக்காகத் தண்டலும் பேசக்கூடாது. அப்படியே செய்தோம். பாயில் அவன் உட்காரும் மூலையில் அவனுடைய குறிப்புத்தாளைக் கிளிஞ்சல் வைத்து அழுத்திவைப்போம்.

திரும்பி வந்தபின் இரண்டு வாரம் அவன் யாரோடும் அதிகம் பேசவில்லை. மூன்றாவது வியாழக்கிழமை தானாக வந்து தன் மூலையில் உட்கார்ந்து தாளை எடுத்துப் பார்த்தான்.

"ஆழியான் எங்க நிக்கிறான்?"

"நங்கூரம் போட்ட எடத்துலயேதான்" என்றேன்.

"எத்தன நாளாச்சு?"

கதையில் ஓர் இரவுதான் கழிந்திருந்தது. அதைச் சொன்னேன். அவன் சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தோணியில தண்ணி இருக்கா?" என்று கேட்டான். நான் பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். ஒரு பீப்பாயில் பாதி என்று எழுதியிருந்தது. "இருக்கு" என்றேன். ஆழியான் முதலில் தண்ணீர் குடித்தான். அதன்பிறகே நங்கூரத்தைத் தூக்கினான்.

இப்போது விதிகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 2023 ஜனவரியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டதால், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு அதை யாரும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம். ஆறு குணங்களுக்கான சொற்களைப் பாயில் வைத்தே முடிவு செய்தோம். உடல் பலத்துக்கு வலு, விரைவுக்குக் கைலாகவம், உடல் தாங்கும் திறனுக்கு உரம். ஆங்கிலத்தில் இன்டெலிஜென்ஸ், விஸ்டம் என்று இரண்டு இருக்கின்றன; புதிதாக ஆட வருபவர்கள் இவற்றின் வேறுபாடு புரியாமல் எங்கும் தடுமாறுவார்கள். எங்களுக்கு அந்தத் தடுமாற்றமே இல்லை, ஏனென்றால் படிப்பறிவு, பட்டறிவு என்று நாம் பேச்சிலேயே பிரித்துவைத்திருக்கிறோம். ஆறாவதான காரிஸ்மாவுக்கு நான் வசீகரம் என்று எழுதியிருந்தேன். தம்பி மகள் அதை அடித்துவிட்டு முகராசி என்று எழுதினாள். அவளுடைய சொல்லே நின்றது. காப்ளின் என்ற குட்டி உயிர்களைக் குறளி ஆக்கினோம். டிராகனுக்கு மட்டும் இன்னும் மனம் ஒப்பும் சொல் கிடைக்கவில்லை. இதுவரை எங்கள் கடலில் அதன் இடத்தில் ஆனைத்திருக்கைதான் நீந்திக்கொண்டிருக்கிறது.

போன தடைக்காலத்தில் தம்பி மகள் முதன்முறையாகத் தண்டல் இடத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பதினான்கு வயது. முப்பத்தேழு ஆண்டுகளில் நான் ஆட்டக்காரராகப் பாயின் இந்தப் பக்கம் உட்கார்ந்தது விரல்விட்டு எண்ணும் அளவுதான். பத்து வயதுச் சிறுவன் ஒருவனை எடுத்துக்கொண்டேன்; வத்தையில் தண்ணீர் இறைக்கும் வேலை, கைலாகவம் நிறைய, முகராசி குறைவு. கதை ஒரு மீன் ஏலக்கரையில் தொடங்கியது. கூடைக்காரக் கிழவி ஒருத்தி என் சிறுவனைப் பிடித்து நிறுத்துகிறாள். அந்தக் கிழவியாகப் பேசவேண்டிய நேரம் வந்ததும் அவள் வாய் திறந்து மூடியது. என்னை அவள் பிறந்ததிலிருந்து அத்தை என்றும் நீங்கள் என்றும் மட்டுமே அழைத்திருக்கிறாள். ஒரு முறை தன் அப்பாவைப் பார்த்தாள். அவன் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தான். பிறகு இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள்.

"ஏலே, நில்லு. நீ யாரு வீட்டுப் புள்ள?"

"எனக்கு வீடு இல்ல, ஆத்தா" என்றேன்.

அவள் என் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு, கிழவி நம்புகிறாளா என்று தெரியவேண்டும், முகராசிக்கு உருட்டு என்றாள். உருட்டினேன். நான்கு. அவள் குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டு, கிழவி என் சிறுவனின் காதைப் பிடித்துச் சுங்கச்சாவடியை நோக்கி இழுத்துப்போவதாகச் சொன்னாள். பிறகு, கிழக்கே இருந்து காற்று ஏறிக்கொண்டிருக்கிறது என்று சேர்த்துக்கொண்டு, தம்பியின் பக்கம் திரும்பி அவன் என்ன செய்கிறான் என்று கேட்டாள்.